கோப்புத் தளத்தை மூடுமுன் அவகாசம் கொடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்புப் பகிர்வுத் தளம் ஒன்றை முடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மதுரையில் இரண்டு விதமான பேச்சு எழும். 'திருட்டுப் படம் போட்டவன் மாட்டிக்கொண்டான், நல்லதுதான்' என்பார்கள் ஒரு தரப்பார். 'பூட்டினவர்களின் தளத்தை நாமும் விழவைப்போம்' என்று லிங்க் அனுப்புவார்கள் இன்னொரு தரப்பார். அந்தத் தளத்தில் தன் சொந்த உழைப்பை ஏற்றி வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. அவரை முன்னிட்டே இதை எழுதுகிறோம்.

இதற்கு முழுப் பாடமாக இருப்பது மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தின் வழக்கு. 2012 ஜனவரி 19 அன்று அமெரிக்க நீதித் துறை அந்தத் தளத்தை மூடியது. நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு அருகே கைதானார். பதிவு செய்த பயனர்கள் 15 கோடி, நாளொன்றுக்கு வருகை 5 கோடி, இணையப் போக்குவரத்தில் 4 சதவீதம் என்று அந்தத் தளம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட எண்களைக் குற்றப்பத்திரிகையே எடுத்தாண்டது. வருமானம் 17.5 கோடி டாலருக்கு மேல் என்றும், படைப்பாளிகளுக்கு நேர்ந்த இழப்பு 50 கோடி டாலருக்கு மேல் என்றும் அரசுத் தரப்பு சொன்னது.

அந்தத் தளம் வேலை செய்த விதம் தெரிந்தால்தான் வழக்கின் சிக்கல் புரியும். ஒருவர் கோப்பை ஏற்றியதும் அதிலிருந்து எம்டி5 என்ற கணக்கின்படி ஒரு கைரேகை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர், எடுக்கப்படும். அதே கைரேகையுள்ள கோப்பு சர்வரில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேமிக்க மாட்டார்கள். பழைய கோப்புக்கே புது லிங்க் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள். இதனால் ஒரே படத்துக்கு நூறு லிங்க் கூட இருக்கலாம். படத் தயாரிப்பாளர் ஒரு லிங்கைக் காட்டிப் புகார் கொடுத்தால் அந்த ஒன்று மட்டும் அறுபடும். மற்ற தொண்ணூற்றொன்பதும் வேலை செய்யும். அரசுத் தரப்பின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. காசு கட்டாதவர்களுக்கு அதன் விடியோத் தளத்தில் படம் 72 நிமிடத்தில் நின்றுவிடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தில் அது இடைவேளையை ஒட்டிய நேரம். மீதியைப் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்டு என்பதுதான் வியாபாரம். கணக்கில்லாமல் ஏற்றிய கோப்பை 21 நாள் யாரும் இறக்கவில்லை என்றால் அழித்துவிடுவார்கள். பத்திரமாக வைத்துக் காக்கும் கிட்டங்கி என்றால் இப்படிச் செய்யுமா என்று அரசு வழக்கறிஞர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. திருட்டுப் படத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. தியேட்டரில் படத்தைக் கேமராவில் பிடிப்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியதை வரவேற்கிறோம்.

ஆனால் அதே சர்வரில் பிறர் கோப்புகளும் கிடந்தன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடித்துப் பெற்றோருக்கு விற்றுவந்த ஒருவர் தம் பதிவுகளைக் காசு கட்டி அங்கே ஏற்றி வைத்திருந்தார். தளம் மூடப்படுவதற்குச் சில நாள் முன்னால் அவருடைய வீட்டு ஹார்ட் டிஸ்க் பழுதானது. இருந்த இன்னொரு பிரதியும் ஜனவரி 19 அன்று கைக்கு எட்டாமல் போனது. என் கோப்பைக் கொடுங்கள் என்று அவர் நீதிமன்றப் படி ஏறினார். வர்ஜீனியாவில் இருந்த வாடகை சர்வர்கள் மட்டும் 1,100க்கு மேல். அவற்றில் 25 பெட்டாபைட், அதாவது இரண்டரைக் கோடி ஜிபி. அவற்றை அழிக்காமல் வைத்திருக்க நாளொன்றுக்கு 9,000 டாலர் செலவாகிறது என்று வாடகைக்கு விட்ட நிறுவனம் முறையிட்டது. மெகாஅப்லோடின் பணமெல்லாம் முடக்கத்தில் இருந்ததால் வாடகை கட்ட ஆளில்லை. தனக்கு வேண்டியதைப் பிரதி எடுத்தாகிவிட்டது, மற்றதில் தனக்கு வேலை இல்லை என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. நெதர்லாந்தில் இருந்த 630 சர்வர்களை அங்குள்ள நிறுவனம் 2013இல் துடைத்துவிட்டு வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவற்றில் எவ்வளவு குழந்தைப் படம், எவ்வளவு ஆய்வேடு, எவ்வளவு கணக்குப் புத்தகம் இருந்தன என்று பார்த்தவர் யாருமில்லை.

இனி, பதிலடி பற்றி. தளம் மூடப்பட்ட அன்றே அனானிமஸ் என்ற பெயரில் இயங்குவோர் அமெரிக்க நீதித் துறை, எஃப்பிஐ, யுனிவர்சல் மியூசிக், படத் தயாரிப்பாளர் சங்கம், இசை நிறுவனங்களின் சங்கம் ஆகியோரின் தளங்களை விழவைத்தார்கள். 5,635 பேர் கலந்துகொண்டதாக அவர்களே அறிவித்தார்கள். செய்த முறை எளியது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டர் முன்னால் ஆயிரம் பேர் வரிசையில் நின்று, எதையும் கேட்காமல், நகராமல் நின்றால் உண்மையில் பேருந்து நேரம் கேட்க வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான். டிடாஸ் தாக்குதல் என்பது அதுதான். அதில் பூட்டு எதுவும் உடைவதில்லை, கோப்பு எதுவும் மீள்வதில்லை. வரிசை கலைந்ததும் கவுன்ட்டர் பழையபடி நடக்கும். அந்தத் தளங்களும் அப்படித்தான் விரைவில் எழுந்துவிட்டன. வர்ஜீனியாவின் 1,100 சர்வர்களில் ஒன்றுகூட இதனால் திறக்கவில்லை.

கலந்துகொண்ட இளைஞர்களுக்கு நேர்ந்ததை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். அவர்கள் அதிகம் பயன்படுத்திய லோயிக் என்ற மென்பொருள், இணையத்தில் அனுப்புபவரின் அடையாள எண்ணான ஐபி முகவரியை மறைப்பதில்லை. இரு கணினிகள் முறைப்படி இணைப்பு ஏற்படுத்த, அங்கிருந்து வரும் பதில் இங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். ஆகவே அந்த மென்பொருளில் முகவரியைக் காட்டிக்கொண்டுதான் தாக்க முடியும். எதிர்ப்பக்க சர்வரின் பதிவேட்டில் நேரம், முகவரி எல்லாம் வரிவரியாக விழுந்துவிடும். பணப் பரிமாற்றத் தளமான பேபாலைத் தாக்கியதற்காக 2011 ஜூலையில் அமெரிக்காவில் 14 பேர் கைதானது இப்படிப்பட்ட தடயங்களால்தான்.

மெகாஅப்லோட் நாளில் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. செய்தி படிப்பதற்கு என்று நினைத்துச் சிலர் தட்டிய லிங்க், பக்கம் திறந்த மாத்திரத்தில் அவர்களைக் கேட்காமலேயே அவர்களின் உலாவியிலிருந்து நீதித் துறைத் தளத்தின் மேல் கோரிக்கைகளைப் பொழியத் தொடங்கியது. தாம் தாக்குதலில் சேர்ந்துவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் ஜனவரி 20 அன்று, தாக்குதல் கருவி எங்கே கிடைக்கும் என்று சுற்றிய வழிகாட்டிக் குறிப்பை யாரோ நகலெடுத்து, அதிலிருந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவியின் லிங்கை மட்டும் மாற்றி வைத்தார்கள். அதை இறக்கியவர்களின் கணினியில் ஜீயஸ் என்ற வங்கித் திருட்டு நிரல் உட்கார்ந்தது. கருவி சொன்னபடி தாக்கவும் செய்தது. பின்னால் வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வேறெங்கோ அனுப்பிக்கொண்டும் இருந்தது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமான்டெக் இதை அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்டது. நியாயம் கேட்கப் போன பிள்ளைகளின் வீட்டுப் பணத்துக்கு வலை விரித்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் ஊரில் இதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவும் 66ஆம் பிரிவும் பாயும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொபைல் இணையத்தில் பல பேருக்கு ஒரே வெளி முகவரி என்பதால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒரே முகவரியைப் பகிர்வோரைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண் எந்த நொடியில் யாருக்குப் போனது என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டுள்ளது. பிரவுசிங் சென்டர் என்றால் 2011 விதிகளின்படி அடையாளச் சான்றும், ஓராண்டு வைத்திருக்க வேண்டிய பதிவேடும் உண்டு. விடுதி வைஃபையில் ஒருவர் செய்தால் கல்லூரி முழுவதற்கும் பொதுவான முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு தேர்வுக் கட்டணம் கட்டப் போகும் மாணவிக்குத்தான் பக்கம் திறக்காது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012இல் ஒரு தமிழ்ப் படத்தையும் ஒரு தெலுங்குப் படத்தையும் காக்க வேண்டும் என்று, எதிர்த்தரப்பு யாரென்று பெயர் குறிப்பிடாத தடை உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்றார்கள். அதைக் காட்டியதும் இணைய நிறுவனங்கள் பைரேட் பே, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை மொத்தமாக அடைத்தன. விமியோவில் தம் குறும்படங்களை வைத்திருந்தவர்களுக்கும் கதவு சாத்தியது. இங்கும் அனானிமஸ் பெயரில் அரசுத் தளங்கள் மீது தாக்குதல் நடந்தது. ஜூன் 9 அன்று பல நகரங்களில் முகமூடி அணிந்து ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் அவர்கள் உரிமை, அதை மதிக்கிறோம். ஆனால் பூட்டைத் திறந்தது வேறு கை. இணைய சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு நீதிமன்றத்தை அணுகி விளக்கம் கேட்டது. குறிப்பிட்ட லிங்கை மட்டும் தடுத்தால் போதும், முழுத் தளத்தையும் அடைக்க வேண்டாம் என்று அதே மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு மனு செய்த வேலை அது.

அந்தத் தெளிவு இன்று பாதி செல்லாக்காசாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலான தளங்கள், உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி காட்டாத பழைய முறையில் ஓடின. எந்தப் பக்கத்தைக் கேட்கிறோம் என்பதை இணைய நிறுவனம் முழுதாகப் படிக்க முடிந்தது. ஒரு லிங்கை மட்டும் தடுக்கவும் முடிந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாமே மறையாக்கத்தில் போகிறது. தெருப் பெயர் மட்டும் தெரிந்து வீட்டு எண் மறைந்துபோன தபால் மாதிரி, இணைய நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தக் கோப்பு என்று தெரியாது. அவர்களிடம் 'இந்த லிங்கைத் தடு' என்று சொன்னால் அவர்கள் தெருவையே அடைப்பார்கள், அல்லது ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆகவே லிங்க் அளவிலான உத்தரவு அந்தத் தளத்தை நடத்துபவருக்கே போக வேண்டும். பதிப்புரிமை விதிகள் 2013இல் 75ஆம் விதி அதற்கு வழியும் சொல்கிறது. புகார் கிடைத்து அதில் சரக்கு இருப்பதாகத் தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் கோப்பை முடக்க வேண்டும். புகார்தாரர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவர வேண்டும்.

2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி, பெரிய கோப்புகளை அனுப்ப உதவும் விட்ரான்ஸ்ஃபர் தளம் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. இரண்டு லிங்குகளை மட்டும் தடுக்கச் சொன்னவர்கள், கூடவே முழுத் தளத்தையும் அடைக்கச் சொன்னார்கள். காரணம் தேசப் பாதுகாப்பு அல்லது பொது நலன் என்ற ஒரு வரி. டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் உள்ள ஸ்டுடியோக்கள், அச்சகங்கள் மாதிரியான தொழில்களுக்கு இது என்ன செய்யும் என்று பாருங்கள். கல்யாண ஆல்பத்தின் ஒரு தாள் 12க்கு 36 அங்குலம். 300 டிபிஐயில் 3,600க்கு 10,800 பிக்சல். லேயர்களைச் சேர்த்து ஒன்றாக்கிய பிறகும் ஏறக்குறைய 117 எம்பி. 40 தாளுக்கு 4.6 ஜிபிக்கு மேல். மின்னஞ்சலில் போகாது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கி அச்சில் கட்டம் கட்டமாக விழும். இப்படிப்பட்ட தொழிலுக்குக் கோப்புத் தளம் என்பது லாரி செட் மாதிரி. யாரோ ஒருவர் கள்ளச் சரக்கு ஏற்றினார் என்று செட்டையே இரவோடிரவாகப் பூட்டினால், மறுநாள் முகூர்த்தப் பத்திரிகை அச்சுக்குப் போகாது.

பூட்டத்தான் வேண்டும் என்றாலும் படிப்படியாகப் பூட்ட முடியும். 2019 ஏப்ரலில் டிக்டாக்கைத் தடுத்து உத்தரவிட்டது ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. புதிதாக இறக்குவதுதான் நின்றது. ஏற்கெனவே செயலி வைத்திருந்தவர்களுக்கு அது ஓடியது. அதே மாதம் 24ஆம் தேதி நிபந்தனையோடு தடையும் நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது அந்த இடைவெளி இல்லை. தம் பாட்டையும் கூத்தையும் அங்கே மட்டும் வைத்திருந்தவர்கள் செய்வதறியாமல் நின்றார்கள்.

ஆகவே அரசிடமும் நீதிமன்றத்திடமும் நாங்கள் கேட்பவை இவை. தளத்தை மூடும் உத்தரவில், புதிய பதிவேற்றத்தையும் பொது லிங்குகளையும் உடனே நிறுத்திவிட்டு, கணக்கு வைத்திருப்பவர் கடவுச்சொல் போட்டுத் தன் கோப்பை எடுத்துக்கொள்ளும் வாசலை மட்டும் 30 நாள் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். இது கட்டமைப்பை மாற்றும் வேலை இல்லை. பகிர்வு வாயிலை அடைத்துவிட்டு உள்நுழைவை விட்டுவைப்பதுதான். சர்வரையே கைப்பற்றினால், நிலத் தகராறில் அட்வகேட் கமிஷனரை அனுப்புவதுபோல் தொழில்நுட்பம் தெரிந்த ஒரு ஆணையரைப் போட்டு, முடக்கிய பணத்திலிருந்தே வாடகையைக் கட்டி, உரிமையாளர்களுக்குக் கோப்பைத் திருப்பித் தர வேண்டும். மெகாஅப்லோடில் பணமும் இருந்தது, சர்வரும் இருந்தது. இரண்டையும் சேர்க்க ஆளில்லாததால்தான் கோப்புகள் உரியவர் கைக்குப் போகவில்லை. மூன்றாவதாக, தடுக்கப்பட்ட பக்கத்தில் எந்த அலுவலகம் அல்லது நீதிமன்றம், எந்தத் தேதி, என்ன எண், யாரிடம் முறையிடுவது என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தடை விதிகளில் 16ஆவது விதி எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எதற்காகப் பூட்டினார்கள் என்றே தெரியாதவர் எங்கே போய் மனுப் போடுவார்?

அந்த உத்தரவுகள் வரும்வரை கோப்பு வைத்திருப்போர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புச் சாதனம், ஒரு பிரதி வேறு கட்டடத்தில் என்பது பழைய கணக்கு. இன்றும் அதுதான் சரி. இரண்டு 4கே கேமரா ஓடும் கல்யாணத்துக்கு 250 ஜிபி வரும் என்று வைத்துக்கொண்டால், 20 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் மேலே அனுப்ப 28 மணி நேரம் ஆகும். அதனால் முதல் பிரதி கிளவுடில் இருக்க முடியாது, ஹார்ட் டிஸ்க்கில்தான். கேமரா கார்டை அழிக்கும் முன் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் பிரதி விழுந்திருக்க வேண்டும்.

விழுந்தது சரியாக விழுந்ததா என்று பார்ப்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கோப்பின் அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பை அந்தச் சன்னலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் 64 எழுத்துள்ள கைரேகை வரும். மூலத்துக்கும் பிரதிக்கும் அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டுமே கார்டை அழிக்கலாம்.

பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவில்லை என்று பலர் டிரைவைக் குறை சொல்கிறார்கள். குறை அதன் பழைய ஃபேட்32 அமைப்பில். எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வைக்கவும். எக்ஸ்ஃபேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ வெடுக்கென்று பிடுங்கினாலோ பட்டியலே சிதையும், எனவே 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்த பிறகே எடுக்கவும். ஹார்ட் டிஸ்க்கை பைக்கின் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஊர் சுற்றக் கூடாது. அதிர்வும் சூடும் சேர்ந்து டிஸ்க்கின் உள்ளே தகவலைப் படிக்கும் முனையைக் கெடுத்துவிடும். வருடக்கணக்கில் பீரோவில் கிடக்கப்போவதற்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் கசியும்.

சிங்க் (கணினியில் உள்ளதையும் கிளவுடில் உள்ளதையும் ஒன்றுபோல வைப்பது) வேறு, பேக்கப் (தனிப் பிரதி எடுத்து வைப்பது) வேறு. கூகுள் டிரைவ் மாதிரியானவற்றில் கணினியில் தவறி அழித்தால் மேலேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். 2 ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்கையே அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. எந்தத் தளம் மூடப்பட்டாலும், 'உங்கள் கோப்பை மீட்டுத் தருகிறோம், பழைய கடவுச்சொல்லைப் போடுங்கள்' என்று போலித் தளங்கள் முளைக்கும். 2012இல் மெகாஅப்லோட் மூடிய கையோடும் போலித் தளங்கள் வந்தன. அதே கடவுச்சொல்லை வேறெங்கும் வைத்திருந்தால் அன்றே மாற்றிவிடவும்.

இப்படிக்கு,
கணினி, வலையமைப்புப் பணியாளர்கள் சிலர்,
சிம்மக்கல், மதுரை – 625 001.